எட்டுக் கைகளும் மாற்றுக் கைகளும்

பொம்மைக்கு விமர்சனமா என்று கேட்கக்கூடியவர்கள் இந்தப் பக்கங்களின் வாசகர்களிடையேயும் இருப்பார்கள். ஒரு மனித உருவத்தைச் செய்து, அதற்கு முகம் கொடுத்து, அது இன்ன செயலில் இருக்கிறது என்று உரிமை கோரி நம்முன் நிறுத்துகிறவன் சிற்பத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறான். பொருள் கல்லா பிளாஸ்டிக்கா, வாங்குகிறவன் யார் என்பதெல்லாம் பிறகு. கோரிய உரிமை நிறைவேறியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் நிறுவனம் செய்த ஜோக்கர். கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்' (2008) படத்தில் ஹீத் லெட்ஜர் ஏற்ற பாத்திரம். நிறுவனத்தின் 'டிஎக்ஸ்' வரிசையில் முதல் எண் கொண்டது. மனித அளவில் ஆறில் ஒரு பங்கு. சுமார் 30 செ.மீ. உயரம். கல்பாக்கத்தில் ஒரு நண்பரிடம் இருக்கிறது. அவர் அதைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்ததே சேகரிப்பாளர்களிடையே அபூர்வமான காரியம். பெட்டி திறக்கப்படாதவரைதான் அவர்கள் கணக்கில் முழு மதிப்பு.

'ஆக்ஷன் ஃபிகர்' என்ற பெயர் வியாபாரத்தில் பிறந்தது. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ, 'ஜி.ஐ. ஜோ' என்ற சிப்பாயைக் கொண்டுவந்தபோது, பொம்மை என்று சொன்னால் பையன்கள் தொடமாட்டார்கள் என்று இந்தப் பெயரைச் சூட்டியது. இந்தியாவில் அதே ஜோவை, எம்.ஆர்.எஃப்., ஹாஸ்ப்ரோ இரண்டும் சேர்ந்து 1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் வார்த்து விற்றது. பெயர் தந்திரமானாலும் அன்று அதில் பொய் இல்லை. பையன் கையில் சிப்பாய் ஓடினான், விழுந்தான், சுட்டான். செயலைக் கொடுத்தது பையன். நம் பொம்மலாட்டத்திலும் தோல்பாவைக்கூத்திலும் இதுதான் ஏற்பாடு; பாவைக்குத் தனியே செயல் உண்டு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சேகரிப்புக்கென்று செய்யப்படும் உருவத்திலோ அந்தப் பையனை நீக்கிவிட்டார்கள். விளையாடினால் மதிப்புக் குறையும். ஆட்டுவிப்பவன் போனபின் செயலை உருவமே தன்னுள் வைத்திருந்தாக வேண்டும். இந்த ஜோக்கரை நான் சிற்பமாகப் பார்க்க வற்புறுத்துவது இதனால்தான்.

முதலில் அதன் சிறப்புகள். முகம் அசாதாரணமான வேலை. வெள்ளைச் சாயம் நெற்றிச் சுருக்கங்களில் விட்டுவிட்டு நிற்பது, கண்ணைச் சுற்றிய கருமை ஓரத்தில் கலங்கியிருப்பது, வாயின் இருபுறத் தழும்புகளின்மேல் சிவப்பு தாறுமாறாக ஏறியிருப்பது எல்லாம் ஒரு நகத்தின் அளவுப் பரப்பில் சாதிக்கப்பட்டிருக்கின்றன. லெட்ஜர் 2008 ஜனவரியில், படம் வெளிவருவதற்கு முன்பே, இறந்துவிட்டார். 2009இல் ஆஸ்கர் விருது அவர் இல்லாமலே அளிக்கப்பட்டது. உயிரோடில்லாத ஒரு மனிதனின் முகம் என்ற பிரக்ஞையோடு பார்த்தால் இந்தச் சாயத்தில் ஒரு துக்கம்கூடத் தென்படுகிறது. அது செய்தவர்களின் திட்டத்தில் இருந்ததா என்பது பொருட்டல்ல.

கழுத்துக்குக் கீழே கதை வேறு. ஊதா நிற மேலங்கி நிஜத் துணி. ஆனால் மனிதனை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். துணியின் கனத்தையும் அது விழுகிற விதத்தையும் அப்படிச் சுருக்க முடியாது. அங்கி உடலிலிருந்து தொங்கவில்லை, விறைத்து நிற்கிறது. உள்ளே 30க்கும் மேற்பட்ட மூட்டுகள். முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எதுவும் திரும்பும். அத்தனை மூட்டுகள் இருந்தும் நம்பி நிற்கவைக்க இடுப்பைப் பிடித்துத் தாங்கும் ஒரு பீடம் தேவைப்படுகிறது.

இந்த உருவத்தின் பெருமையாகச் சொல்லப்படுவது கண். தலைக்குள் பொருத்திய ஓர் அமைப்பால் இரண்டு கண்மணிகளையும் ஒருசேர ஒரே திசையில் திருப்பலாம். சிற்பம் கற்றவர்களுக்கு இது யோசிக்கத்தக்க விஷயம். ஸ்தபதி தெய்வ உருவத்தின் கண்ணைக் கடைசியில்தான் திறக்கிறார். அதற்குச் சடங்கு உண்டு, முகூர்த்தம் உண்டு. சடங்கை நம்பாதவரும் அதன் கலைத்தர்க்கத்தை ஏற்கலாம்: பார்வை எங்கே விழுகிறது என்பது கடைசித் தீர்மானம், அது எடுக்கப்பட்டபின் உருவம் முடிந்துவிட்டது. ஜோக்கரின் கண் முடிவதேயில்லை. இடப்பக்கம் பார்க்கச் சொன்னால் பார்க்கும், வலப்பக்கம் என்றாலும் சரி. எதைப் பார்க்கிறது என்பது மட்டும் இல்லை.

கைகளிலும் இதே விஷயம். பெட்டிக்குள் மாற்றுக் கைகள் வருகின்றன: பிடிக்கிற கை, விரித்த கை, ஆயுதத்துக்கென்று வளைந்த கை. மணிக்கட்டில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருக வேண்டும். இதைப் பார்த்தபோது எனக்கு மாமல்லபுரத்தின் மகிஷாசுரமர்த்தினி மண்டபம் ஞாபகம் வந்தது தற்செயல் இல்லை. கலங்கரை விளக்கத்துக்கருகே, ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலைத் தாங்கும் பாறையில் குடைந்த ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் மண்டபம். வடக்குச் சுவரில் சிங்கத்தின்மேல் துர்க்கை. எட்டுக் கைகள். அவளுக்கு மாற்றுக் கைகள் இல்லை. எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் இருக்கின்றன. வில் வளைகிற கணம், வாள் ஓங்குகிற கணம், சக்கரம் காத்திருக்கிற கணம் என்று ஒரு யுத்தத்தின் காலம் முழுவதையும் சிற்பி ஒரே உடலில் அடுக்கிவிட்டான். ஹாட் டாய்ஸ் அந்தக் காலத்தைத் துண்டு துண்டாக்கிப் பெட்டியின் குழிகளில் படுக்கவைத்து, எதைப் பொருத்துவது என்பதை வாங்குகிறவனிடம் விட்டுவிட்டது. இதைச் சுதந்திரம் என்று சிலர் கொண்டாடக்கூடும். எனக்கு இது தீர்மானத்திலிருந்து தப்பித்தல்.

அந்தச் சுவரில் இன்னும் முக்கியமானது மகிஷன். மனித உடல், எருமைத் தலை. இரு கைகளாலும் கனத்த தண்டத்தைப் பிடித்துக்கொண்டு, உடல் பின்வாங்க முகம் மட்டும் அவளை நோக்கித் திரும்பியிருக்கிறது. அவன் தலைக்குமேலும் அரசகுடை உண்டு. சிற்பி அவனை இழிவு செய்யவில்லை. அவனுடைய சாய்வுதான் அவளுடைய வேகம். அவனை ஒரு கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்: சிங்கத்தின்மேல் ஒரு பெண் அழகாக உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். கையை எடுத்தவுடன் சுவர் நகர்கிறது. செயல் அவளிடமும் இல்லை, அவனிடமும் இல்லை. இருவருக்கும் நடுவே இருக்கிற அந்தச் சாய்ந்த வெளியில் இருக்கிறது.

'டார்க் நைட்' படமும் இதை அறிந்திருந்தது. விசாரணை அறையில் ஜோக்கரும் பேட்மேனும் எதிரெதிரே வரும் காட்சியில் இருவரும் ஒருவருக்கொருவர் அவசியம் என்பதுதான் விஷயமே. பொம்மை வரிசையில் ஜோக்கர் முதல் எண். பேட்மேன் இரண்டாம் எண். தனிப் பெட்டி, தனி விலை. மகிஷனைத் தனியாகவும் துர்க்கையைத் தனியாகவும் விற்பதற்குச் சமம். இரண்டையும் வாங்கி மேஜையில் எதிரெதிரே வைத்தாலும் யுத்தம் வருவதில்லை. எவனுடைய அடிக்கு எவன் சாய்வது என்று யாரும் தீர்மானிக்கவில்லையே.

செங்கல்பட்டில் நாங்கள் நாலைந்து பேர் கூடிப் பேசியபோது ஒரு ஆட்சேபம் எழுந்தது: தனி உருவம் எல்லாமே இப்படித் தோற்றதுதானா? இல்லை. அதே மாமல்லபுரத்தில் திரிமூர்த்தி குகையிலும் ஆதிவராகக் குகையிலும் துர்க்கை தனியாக, எருமைத் தலையின்மேல் நேராக நிற்கிறாள். அங்கே யுத்தம் முடிந்துவிட்டது. அந்த அசைவின்மை ஒரு செயலின் விளைவாகக் கிடைத்தது. காலடியில் இருக்கும் தலை அதற்குச் சாட்சி. மகிஷாசுரமர்த்தினி மண்டபத்திலேயே தெற்குச் சுவரில் விஷ்ணு பள்ளிகொண்டிருக்கிறார். மது கைடபர்கள் தண்டத்தோடு நிற்க, அவர் உறங்குகிறார். அந்த உறக்கம்கூட எதிரிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட உறக்கம். ஜோக்கரின் நிலை இந்த இரண்டிலும் சேராதது. செயலும் இல்லை, ஓய்வும் இல்லை. எதையும் செய்யத் தயார் என்ற தோரணை மட்டும்.

இன்னொரு நண்பர், கைத்திறன் அபாரம், அது போதாதா என்றார். போதாது என்பதோடு, இந்தப் பாராட்டுத்தான் அபாயம் என்று எனக்குப் படுகிறது. மாமல்லபுரத்தில் 1957இலிருந்து அரசுச் சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கத்திய கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளிச் சத்தத்தோடு இயந்திரங்களின் இரைச்சலும் கேட்கிற பட்டறைகளில் வாங்க வருகிறவர்கள் எதைப் பாராட்டுகிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். நகம் தெரிகிறது, நரம்பு தெரிகிறது, பளபளப்பு எப்படி வந்திருக்கிறது! சாலையோரக் கடைகளில் நான் பார்த்த துர்க்கைகள் எல்லாரும் தனியானவர்கள். பக்கத்தில் மகிஷனைச் செதுக்கினால் கல் கூடும், கூலி கூடும், வாங்குகிறவர் வீட்டு அலமாரியில் இடம் கொள்ளாது. அந்தச் சிற்பிகளுக்குக் கை குறைவில்லை. அவர்களிடம் எதிரியைக் கேட்கிற கண்கள்தான் குறைந்துவிட்டன.

இது சிற்பத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. சமீப காலமாக நம் புனைகதைகளில் தகவல்கள் பெருகியிருக்கின்றன. பாத்திரத்தின் தொழில், சாதி வழக்கு, சாப்பாடு, தெருவின் வாசனை எல்லாம் துல்லியமாக வருகின்றன. நாமும் 'எவ்வளவு நுணுக்கம்' என்று எழுதிவிடுகிறோம். மூட்டுகளை எண்ணுகிற விமர்சனம் இது. அந்தப் பாத்திரம் எதன் எதிரே நிற்கிறது, அதன் சாய்வால் எது சாய்கிறது என்று நாம் கேட்பதில்லை. ஆகவே அத்தனை தகவல்களையும் சுமந்துகொண்டு அது நிற்கிறது, இடுப்பைப் பிடித்திருக்கும் பீடத்தின் தயவில்.

ஜோக்கரைப் பற்றி என் தீர்ப்பு இது: முகம் முதல் தரமான ஓவியம், உடல் திறமையான இயந்திரம், சிற்பம் இன்னும் தொடங்கப்படவில்லை. கல்பாக்கத்து நண்பரிடம் இதைச் சொன்னேன். பேட்மேனையும் வாங்கிவிடப்போவதாகச் சொன்னார். வாங்கட்டும். மாமல்லபுரம் அவர் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரந்தான்.