நோமோட்செட் போட்டால் சரியாகிவிடுமா?

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டேன், திரை கருப்பாக நிற்கிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "கிரப்ல நோமோட்செட் போடுங்க, வந்துடும்." வரும்தான், மறுக்கவில்லை. வந்த பிறகு என்ன ஆகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. நானும் இதே பதிலைப் பல பேருக்குச் சொன்னவன் என்பதால், இது பாதி என் மீதே வைக்கும் விமர்சனம்.

திரையின் தெளிவுத்திறன், புதுப்பிப்பு வேகம் போன்றவற்றை அமைக்கும் வேலையை ஒரு காலத்தில் எக்ஸ் சர்வர்தான் ரூட் அதிகாரத்தோடு செய்துவந்தது. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 கர்னலில், இன்டெல் சிப்களுக்கு அந்த வேலை கர்னலுக்குள் வந்தது. ரேடியானும், என்விடியா சிப்களுக்கான நுவோவும் அடுத்த ஓராண்டில் சேர்ந்தன. நோமோட்செட் என்பது "அந்த வேலையைத் தொடாதே" என்று கர்னலுக்குச் சொல்வது. அப்புறம் கிராபிக்ஸ் டிரைவர் இயங்காது. பயாஸ் கொடுக்கிற எளிய படப்பரப்பை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். படம் வரைகிற பாரம் முழுக்க சிபியு தலையில் விழும். வெளித் திரை பெரும்பாலும் கிடைக்காது, தூங்கப் போன கணினி ஒழுங்காக எழாது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகளும் அநேகமாக வேலை செய்யாது.

அக்கா பையனுடைய மடிக்கணினி 2010 வாக்கில் வாங்கியது, இன்டெல் ஜிஎம்45 சிப். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். துவங்கும்போது சில எழுத்துகள் ஓடும், அப்புறம் ஒரே இருட்டு. வழக்கமான மந்திரத்தைப் போட்டேன், திரை வந்தது, கிரப் கோப்பில் நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். மொத்தம் பத்து நிமிஷ வேலை.

1366க்கு 768 இருக்க வேண்டிய திரை 1024க்கு 768-ஆக இழுபட்டு நின்றது, வட்டமெல்லாம் முட்டை மாதிரி. சின்ன வீடியோ போட்டாலும் விசிறி இரையும். கல்லூரியில் புரொஜெக்டரில் இணைத்தால் ஒன்றும் வராது. மூன்று வருஷம் அதை அப்படியே சகித்துக்கொண்டு, போன மாதம் கேட்டான்: "மாமா, லினக்ஸ்னாலே இப்படித்தானா? அம்மா இதைப் பழைய சாமான் கடையில போட்டுடலாம்ங்கறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து முதலில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையை ஓட்டினேன். வரைவது யார் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தது. சிப் சும்மா இருக்க, சிபியுதான் படம் வரைகிறது என்று அர்த்தம். அளவுருவை நீக்கிவிட்டு மறுபடி துவக்கினேன். அதே இருட்டு. இந்த முறை செல்போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பார்த்தேன். மங்கலாக லாகின் பெட்டி தெரிந்தது!

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் செய்திருக்க வேண்டியது இந்த ஒரு சோதனைதான். கருப்புத் திரை என்பது ஒரு நோயின் பெயர் கிடையாது. திரைக்குப் படமே போகாமல் இருக்கலாம். படம் போய், பின்னால் இருக்கிற பேக்லைட் மட்டும் அணைந்திருக்கலாம். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. டார்ச் வெளிச்சத்திலேயே கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போய், வெளிச்சத்தைக் *குறைக்கும்* விசையை அழுத்தினேன். அழுத்த அழுத்தத் திரை வெளுத்தது.

வழக்கமாக பேக்லைட்டுக்குப் போகிற எண் கூடினால் வெளிச்சம் கூடும். அந்தக் காலத்து மாடல்கள் சிலவற்றில் இது தலைகீழ். டிரைவர் நல்லெண்ணத்தோடு முழு வெளிச்சம் என்று எழுதுகிறது, விளக்கு அணைகிறது. இதற்கென்றே ஐ915.இன்வெர்ட்_பிரைட்னஸ் என்று ஓர் அளவுரு உண்டு. தெரிந்த சில மாடல்களின் பட்டியலும் டிரைவருக்குள்ளேயே இருக்கிறது, இந்த மாடல் அதில் இல்லை, அவ்வளவுதான். அளவுருவுக்கு 1 கொடுத்தேன். முழு அகலத் திரை, வெளிச்ச விசைகள், புரொஜெக்டர் எல்லாம் வந்துவிட்டன. 480பி வீடியோ திணறாமல் ஓடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022-ல் மெசா 22.0 பழைய சிப்களுக்கான பழைய பாணி டிரைவர்களைக் கழற்றிவிட்டது. அதற்கு முன்பே, 2006-ல் வந்த 965 வரிசையிலிருந்து தொடங்கும் இன்டெல் சிப்களுக்காக குரோக்கஸ் என்ற புது டிரைவரை எழுதிச் சேர்த்திருந்தார்கள். வருமானம் தராத பழைய சிப்புக்கு இவ்வளவு உழைப்பு. நாம் ஒரு வார்த்தையைப் போட்டு அதை மொத்தமாகப் பூட்டிவைக்கிறோம்.

மற்ற சமையல் குறிப்புகளும் இந்த லட்சணம்தான். திரை மினுக்கினால் பிஎஸ்ஆரை அணை என்பார்கள். அது இடிபி இணைப்புள்ள பேனல்களின் வசதி. எல்விடிஎஸ் பேனல் உள்ள 2010 இயந்திரத்தில் அதை அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் ஒன்றே. படம் கிழிந்தால் எக்ஸ்ஆர்க் அமைப்புக் கோப்பில் இன்டெல் டிரைவரைப் போட்டு டியர்ஃப்ரீ எழுது என்பார்கள். டெபியனும் உபுண்டுவும் 2016-லேயே அந்த டிரைவரிலிருந்து மோட்செட்டிங் டிரைவருக்கு மாறிவிட்டன. வேலண்டில் ஓடும் மேசைத்தளம் அந்தக் கோப்பைத் திரும்பியே பார்க்காது. எல்லாம் ஒரு காலத்தில், ஏதோ ஒரு இயந்திரத்தில் சரியாக இருந்த பதில்கள். எந்த வருஷம், எந்த சிப், என்ன அறிகுறி என்பதெல்லாம் உதிர்ந்துபோய் வரி மட்டும் கைமாறி வருகிறது.

நோமோட்செட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. நுவோ துவக்கத்திலேயே உறைந்தால், உள்ளே நுழைய அதுதான் வழி. நுழைந்து, டிமெஸ்கில் என்ன பிழை என்று பார்த்து, சரியான டிரைவர் கிடைத்தால் போட்டுவிட்டு எடுத்துவிட வேண்டும். ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசைக்காரர்களுக்கு அங்கேயும் சங்கடம்: அவர்களுக்கான 340 டிரைவரின் ஆதரவு 2019 இறுதியோடு முடிந்தது. புதுக் கர்னலில் நுவோவோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

இன்வெர்ட்_பிரைட்னஸைப் படித்துவிட்டு, அதையும் அப்படியே எடுத்து உங்கள் கணினியில் போட்டுவிடாதீர்கள். ஒழுங்காக இருக்கிற பேனலில் போட்டால் திரை இருண்டுவிடும். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்.