அள்ளியதைத் திருப்பிப் போடு

பரமத்தி வேலூரில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கோட்டை இருக்கிற வேலூர் இல்லை சார், இது காவிரிக் கரை வேலூர். வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத்தார் ஏலமும் உள்ள ஊர். திண்ணையில் நாலு வயசுக் குட்டி ஒன்று டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தது. ஏழெட்டுக் கொட்டாங்குச்சிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையில் ஈர்க்குச்சியோடு நின்றது.

‘கை கட்டு! வாய்ல விரல் வை! ஏய்... உன்னத்தான்!’

ஒரு கொட்டாங்குச்சிக்கு இரண்டு அடி. அது என்ன தப்பு செய்தது என்று விசாரித்தேன். ‘பேசுச்சு மாமா’ என்றது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சின்ன டீச்சர் இருந்தால் கொஞ்ச நேரம் ஒட்டுக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தின் புராகிரஸ் ரிப்போர்ட் இலவசமாகக் கிடைக்கும்.

குட்டியின் அம்மா, நண்பரின் தங்கை, தனியார் பள்ளி ஒன்றில் எல்.கே.ஜி. டீச்சர். அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. முந்தைய முறை போனபோது அவரிடம் ‘டோட்டோ-சான்’ கொடுத்துவிட்டு வந்திருந்தேன். டெட்சுகோ குரோயநாகி என்ற ஜப்பானியத் தொலைக்காட்சிப் பிரபலம் 1981-ல் எழுதிய, தன் பள்ளி நாட்களின் கதை. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் போட்டிருக்கிறது. படித்தவர்கள் எல்லோரும் உருகுகிற புத்தகம். நானும் உருகினவன்தான். இவர் உருகவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

‘நல்லாத்தான் இருக்குதுங்ண்ணா. அந்தக் கிளாஸ்ல மொத்தம் எத்தன புள்ளைங்க?’

ஒன்பது.

‘எனக்கு நாப்பத்திரண்டுங்க.’

இதைவிட நல்ல விமர்சனத்தை அந்தப் புத்தகத்துக்கு நான் படித்ததில்லை.

படிக்காதவர்களுக்கு ஒரு சுருக்கம். டோட்டோ ஒன்றாம் வகுப்பிலேயே ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டவள். மேசை மூடியை ஓயாமல் திறந்து திறந்து மூடுவாள். ஜன்னலில் நின்று தெருவில் போகிற வாத்தியக்காரர்களைக் கூப்பிடுவாள். அம்மா அவளை டோமோயே என்ற இன்னொரு பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். 1937-ல் கோபயாஷி என்பவர் தொடங்கிய பள்ளி அது. பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. தலைமையாசிரியர் அந்தக் குழந்தை பேசுவதை நாலு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். அத்தனை நேரம் கேட்டுவிட்டுத்தான் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த இடத்தில் நாம் எல்லோரும் ‘அடடா, என்ன அன்பு!’ என்கிறோம். அங்கேதான் புத்தகத்தைத் தப்பாகப் படிக்கிறோம் என்பது என் கட்சி. கோபயாஷி செல்லம் கொடுக்கிற தாத்தா இல்லை. கவனமாகத் திட்டம் போட்டு வேலை செய்தவர்.

கழிவுக்குழி அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டோட்டோவின் பிரியமான மணிபர்ஸ் கழிவறைக்குள் விழுந்துவிடுகிறது. அவள் ஒரு நீளக் கரண்டியை எடுத்துவந்து, குழியின் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே அள்ளிக் குவிக்கிறாள். அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போகிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வருகிறார். குவியல் மலையாகியிருக்கிறது. முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுவிடுவாய்தானே என்று மட்டும் கேட்கிறார். அவள் அப்படியே செய்கிறாள், ஈரம் ஊறிப்போன மண் உட்பட. பர்ஸ் கிடைக்கவில்லை. கழிவறைக்குப் போனால் குனிந்து எட்டிப் பார்க்கிற பழக்கம் மட்டும் அன்றோடு போயிற்று.

இதில் அடி, திட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘சீ’ ஒன்றும் கிடையாது. ‘பரவாயில்லடா கண்ணு, ஆயா பாத்துக்குவாங்க’வும் கிடையாது. அள்ளினவள் போட வேண்டும். நம் ஊரில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒன்று, ‘கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்’ என்று ஒப்படைக்கிற அப்பா. இன்னொன்று, பிள்ளையைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்டாலே வேனை மறிக்கிற அப்பா. சில சமயம் இரண்டும் ஒரே ஆள்.

இப்போது கணக்குக்கு வருவோம். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வரும்? குழந்தை அள்ளியதைத் திருப்பிப் போட நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் மற்ற எட்டுப் பேர் என்ன செய்கிறார்கள் என்று யாராவது பார்க்க வேண்டும். எட்டுக்குப் பதில் நாற்பத்தியொன்று என்றால்? அப்போதுதான் ‘வாய்ல விரல் வை’ வருகிறது. மூன்றரை வயசுக் குழந்தை அசையாமல் உட்கார்ந்தால் அதில் குழந்தைக்கு லாபம் எதுவும் இல்லை. ஆள் பற்றாக்குறையை ஒழுக்கம் என்ற பெயரில் அதன் கணக்கில் பற்று எழுதுகிறோம், அவ்வளவுதான்.

சம்பளத்தைப் பாருங்கள். 2019 ஜனவரியில் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது உபரி இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். அவர்கள் போராடினார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். மழலை வகுப்புக்குப் போவது தகுதி இறக்கமாகத் தெரிந்தது. 2022-ல் சிறப்பாசிரியர்களை எடுத்தபோது மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய். சின்ன வகுப்பு என்றால் சின்ன வேலை என்பது அரசுக்கும் ஆசிரியருக்கும் உள்ள ஒரே ஒற்றுமை. சட்டமும் சளைத்ததல்ல. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில், குழந்தையை அடிக்காதே, மனசை நோகடிக்காதே என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் குழந்தை என்றால் ஆறு முதல் பதினாலு வயசு. எல்.கே.ஜி. குட்டி இன்னும் ‘குழந்தை’யே ஆகவில்லை!

புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. டோட்டோவின் அப்பா வயலின் கலைஞர். ஒரு பள்ளி துரத்தினால் இன்னொரு பள்ளி தேடுகிற வசதி அம்மாவுக்கு இருந்தது. அதைப் புத்தகம் கண்டுகொள்ளவில்லை. தினமும் வகுப்பில் நின்ற ஆசிரியைக்கு இடுப்பு வலித்ததா, வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதும் தெரியாது. குழந்தையின் கண்ணில் பட்டதுதான் கதை என்று சமாதானம் சொல்லலாம். சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு அத்தியாயத்தில் ஆசிரியை வருகிறார். ஆதி மனிதனுக்கு வால் இருந்ததைப் பற்றிச் சொல்லும்போது, வளர்ச்சி நின்றுபோன உடம்புள்ள ஒரு பையனிடம் உனக்கு வால் உண்டா என்று வேடிக்கையாகக் கேட்டுவிடுகிறார். தலைமையாசிரியருக்குக் கடும் கோபம். அவரைக் கண்டிக்கிறார், அதுவும் எப்படி? மற்ற ஆசிரியர்கள் முன்னால் இல்லை, தனியாக, சமையலறையில் வைத்து. தற்செயலாக டோட்டோ காதில் விழுந்ததால்தான் நமக்கே தெரிகிறது.

நண்பரின் தங்கை இந்தப் பக்கத்தில் மட்டும் காது மடித்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன்.

ஒரு நாள் அவர் வகுப்பில் ஒரு பையன் கிரேயான் டப்பா முழுவதையும் தரையில் கொட்டிவிட்டான். இவர் ஈர்க்குச்சியைத் தேடாமல், ‘எல்லாத்தையும் எடுத்து வெச்சிருவதான சாமி?’ என்று கேட்டிருக்கிறார். பையன் ஒவ்வொன்றாக எடுத்து, நிறம் பார்த்து, அடுக்கினான். இருபத்தைந்து நிமிஷம். சில பிள்ளைகள் கூடச் சேர்ந்துகொண்டார்கள், சிலர் சண்டை போட்டார்கள். அன்றைக்கு ‘ஏ’ எழுதுகிற நோட்டு முடியவில்லை. சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில், பதினோரு டீச்சர்கள் முன்னால், கேமராவில் பார்த்ததைச் சொல்லி நிர்வாகம் அவரைக் கேள்வி கேட்டிருக்கிறது.

‘நானும் கைய கட்டிட்டுத்தானுங்ண்ணா நின்னேன்.’

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. திண்ணையில் குட்டி கொட்டாங்குச்சிகளுக்கு ரைம்ஸ் நடத்திக்கொண்டிருந்தது.

‘அந்தச் சமையல்கட்டுப் பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஆபீஸ் மேசைல வெச்சுட்டு வந்தர்லாமான்னு பாக்கறனுங்க’ என்றார்.

வைத்தாரா, தெரியவில்லை. புத்தகம் இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை.