‘மந்தன்’: அளவுகோல் யார் கையில்?

பால் விற்கும் பெண்ணுக்குத் தன் பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று தெரியாது. வாங்கும் வணிகருக்குத் தெரியும்; தெரியாவிட்டாலும் தெரிந்தவர்போல் விலை சொல்வார். இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறப்பதுதான் ‘மந்தன்’ என்னும் இந்தித் திரைப்படத்தின் கதை. ‘மந்தன்’ என்றால் கடைதல் என்று பொருள். அறிவியல் இதழில் திரைப்படத் திறனாய்வுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கலாம். ஓர் எளிய ஆய்வுக்கூடச் சோதனை ஒரு சிற்றூரின் அதிகாரத்தையே அசைத்துப் பார்ப்பதைச் சொல்லும் படம் நம் நாட்டில் மிக அரிது. ஆகவே அதை அறிவியல் கண்கொண்டும் நோக்குவது தகும்.

ஷியாம் பெனகல் இயக்கிய இப்படம் 1976-இல் வெளிவந்தது. குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து இலட்சம் பேர் ஆளுக்கு இரண்டு ரூபாய் கொடுத்து இதைத் தயாரித்தனர். கதையை இயக்குநருடன் சேர்ந்து உருவாக்கியவர் ஆனந்த் நகரின் வர்கீஸ் குரியன். அவர் சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியலும் கிண்டியில் பொறியியலும் பயின்றவர். திரைக்கதை எழுதியவர் விஜய் தெண்டுல்கர். 2024-இல் புதுப்பிக்கப்பட்ட படச்சுருள் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

டாக்டர் ராவ் (கிரீஷ் கர்னாட்) என்னும் இளம் கால்நடை மருத்துவர் கூட்டுறவுச் சங்கம் அமைக்க ஒரு சிற்றூருக்கு வருகிறார். அங்கே பால் வணிகர் மிஸ்ரா (அம்ரீஷ் புரி) வைத்ததுதான் விலை. பிந்து (ஸ்மிதா பாட்டீல்) போன்ற ஏழைப் பெண்களும், போலா (நசிருதீன் ஷா) போன்ற தாழ்த்தப்பட்ட இளைஞர்களும் வெளியூர்க்காரரை எளிதில் நம்புவதில்லை. ராவ் பாலின் மாதிரிகளைச் சேகரித்துச் சோதிக்கிறார். உண்மை விலை என்ன என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிகிறது.

சோதனையின் சிறப்பு

இச்சோதனை ஏன் இன்றியமையாதது? பால்மானி போதாதா? போதாது. நல்ல பாலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.030. நீர் கலந்தால் இது குறையும். கொழுப்பு நீரைவிட இலேசானது. ஆகவே பாலாடையை எடுத்துவிட்டால் ஒப்படர்த்தி கூடும். இரண்டையும் அளவறிந்து செய்பவர் பால்மானியை ஏமாற்றிவிடலாம். மிதப்பு விதி பொய்ப்பதில்லை. ஆனால் ஒரே ஓர் அளவைக் கொண்டு இரண்டு குறைகளைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்கள் இருவர். அமெரிக்காவில் பாப்காக் 1890-இலும், சுவிட்சர்லாந்தில் கெர்பர் 1891-இலும் கொழுப்பைத் தனியே பிரித்து அளக்கும் முறைகளைத் தந்தனர். நம் நாட்டில் பரவியது கெர்பர் முறை. கண்ணாடிக் குழாயில் 10 மில்லி லிட்டர் கந்தக அமிலம், 10.75 மில்லி லிட்டர் பால், 1 மில்லி லிட்டர் அமைல் ஆல்கஹால் ஆகியவற்றை இடுவார்கள். அமிலம் பாலின் புரதத்தைக் கரைத்துக் கொழுப்புத் துளிகளை விடுவிக்கும். பிறகு நிமிடத்திற்குச் சுமார் 1,100 சுற்று வேகத்தில் குழாயைச் சுழற்றுவார்கள். கனமான திரவம் வெளிப்புறம் செல்ல, இலேசான கொழுப்பு குழாயின் கழுத்துப் பக்கம் சேரும். அங்குள்ள அளவுக் கோடுகளில் கொழுப்பின் விழுக்காட்டை நேராகப் படித்துவிடலாம். பசும்பாலில் நான்கு அளவில் இருக்கும் கொழுப்பு, எருமைப் பாலில் ஆறு, ஏழு என்று உயரும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். எழுத்தறியாதவரும் மஞ்சள் நிறக் கொழுப்பின் உயரத்தைத் தம் பக்கத்து வீட்டுக்காரரின் குழாயோடு ஒப்பிடலாம். குழாய்க்குச் சாதி தெரியாது. படத்தில் சங்கத் தேர்தலில் ஊர்த் தலைவர் தோற்பதற்கும், வணிகர் வெகுண்டெழுவதற்கும் பின்னணியில் இந்தச் சிறு குழாய் இருக்கிறது. கோபமான பேச்சுகளுக்கு இடம் தராமல் இதை உணர்த்தியதே பெனகலின் வெற்றி.

விடுபட்டது எது?

குறையும் உண்டு. கதைத் தலைவர் ஒரு கால்நடை மருத்துவர். ஆனால் அவருடைய மருத்துவம் கதையின் மையத்திற்கு வருவதில்லை. எருமைகள் படம் நெடுக நடமாடுகின்றன. அவற்றின் உடல்நலமோ ஓர் அறிவியல் கேள்வியாக எழவில்லை. நியாயமான விலை கிடைத்தால் பால் தானே பெருகும் என்ற எண்ணத்தோடு மாணவர் ஒருவர் அரங்கை விட்டு வெளியேறக்கூடும்.

உண்மை அப்படியன்று. மடிவீக்க நோயை எடுத்துக்கொள்வோம். நோய் முற்றினால் மடி வீங்கும், பால் திரியும். ஆனால் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் இருக்கும் நிலையே மிகுந்த இழப்பைத் தருவது. மடியும் பாலும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பால் மட்டும் குறைந்துகொண்டே வரும். உரிமையாளர் தீவனத்தைக் குறை கூறுவார், அல்லது மாட்டை விற்றுவிடுவார். இதற்கும் எளிய சோதனை உண்டு. 1957-இல் வெளியான கலிபோர்னியா முறையில், பாலோடு ஒருவகைச் சலவைக் கரைசலைக் கலப்பார்கள். நோயுற்ற காம்பின் பாலில் வெள்ளணுக்கள் மிகுந்திருப்பதால் கலவை கூழ்போல் தடிக்கும். மேலும், நோயுற்ற மடியின் பாலில் உப்பு கூடுவதால் அதன் மின்கடத்துதிறனும் உயர்கிறது. இதைக் கருவியால் அளக்கலாம்.

கொழுப்புச் சோதனை வணிகரின் பொய்யைக் காட்டுகிறது; மடிச் சோதனை மாட்டின் வாய்பேசாத துன்பத்தைக் காட்டுகிறது. ‘மந்தன்’ முதலாவதைச் சொன்னது, இரண்டாவதை விட்டுவிட்டது. படத்தைப் பயன்படுத்தியவர்கள் இதை உணர்ந்திருந்தனர் என்றே தோன்றுகிறது. சிறு படச்சுருள் பிரதிகளை ஊர் ஊராகக் கொண்டு சென்றபோது, ஒரு கால்நடை மருத்துவர், ஒரு பால் தொழில்நுட்பர், ஒரு தீவன வல்லுநர் ஆகிய மூவரையும் உடன் அனுப்பினர். திரையில் விடுபட்டதை அம்மூவரும் நிரப்ப வேண்டியிருந்தது.

கூட்டுறவாளர் பணத்தில் எடுத்த படம் கூட்டுறவைப் புகழத்தானே செய்யும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இது வெறும் புகழ்ச்சியன்று. படத்தின் முடிவில் ராவ் மாற்றலாகி இரயிலேறிப் போய்விடுகிறார். வல்லுநர் தோற்கிறார், சங்கத்தைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு போலாவிடம் வருகிறது. அறிவியல் கொண்டுவந்தவரோடு போய்விடக் கூடாது, ஊரில் தங்க வேண்டும் என்பதே இதன் பொருள். விளம்பரப் படம் எடுப்பவர் இப்படி முடிக்கத் துணியமாட்டார்.

தமிழ்நாட்டிலும் 1981 முதல் ஆனந்த் முறையிலான கூட்டுறவு அமைப்பு நடைமுறையில் உள்ளது. இன்று பல சங்கங்களில் அமிலக் குழாய்க்குப் பதிலாக மீயொலி அலைகளைப் பாலினுள் செலுத்திக் கணக்கிடும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. வேலை விரைவாகிறது, அமிலத்தால் வரும் ஆபத்தும் இல்லை. ஆனால் பெட்டிக்குள் நடப்பது விற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. திரையில் எண் மட்டுமே தெரிகிறது. கருவியை அவ்வப்போது திட்ட மாதிரியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யாவிட்டால் அந்த எண்ணும் தவறாகலாம்.

மாணவர்களே, வாய்ப்பு நேர்ந்தால் ‘மந்தன்’ படத்தைப் பாருங்கள். பிறகு உங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்குச் சென்று இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “இந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்? மாடுகளின் மடியைச் சோதித்து எத்தனை நாளாகிறது?” முதல் கேள்வியைக் கேட்கக் கற்றுத் தருவது இப்படம். இரண்டாவதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.