கறைபடாத கைகள்

பதின்பருவத்தினருக்கான டிஸ்டோபியா நாவல்கள் என்றதுமே, இவ்வளவு ரத்தமும் சாவும் பிள்ளைகளுக்குத் தேவையா என்றுதான் பெரியவர்கள் கேட்கிறார்கள். 2011இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் மேகன் காக்ஸ் கர்டன் இளையோர் நாவல்களின் இருட்டைக் கண்டித்து எழுதியபோது அமெரிக்காவில் எழுந்த சர்ச்சையும் இதையேதான் சுற்றி வந்தது. ரத்தத்தின் அளவைக் கொண்டு இவற்றை எடைபோட முடியாது என்பது என் துணிபு. லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993) நாவலில் ஒரு தகப்பன், இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததைக் கொஞ்சிப் பேசியபடியே ஊசி போட்டுக் கொல்கிறான். உடலை அட்டைப்பெட்டியில் வைத்துக் குப்பைக்குழாயில் தள்ளிவிடுகிறான். 12 வயது மகன் ஜோனஸ் அதைப் பதிவுக்காட்சியாகப் பார்க்கிறான். நீல் ஷஸ்டர்மனின் 'அன்வைண்ட்' (2007) நாவலில் நினைவு தப்பாமலே ஒரு பையனின் உடல் பிரித்தெடுக்கப்படுகிறது. கத்தி நம் கண்ணில் படுவதே இல்லை. இவ்விரு சாவுகளையும் எந்த வாசகராலும் ரசிக்க முடியாது. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) என்னை இரண்டு பக்கமும் இழுக்கிறது.

அதன் பலம் வறுமையின் கணக்கில் இருக்கிறது. 24 பிள்ளைகளைக் களத்தில் இறக்கி ஒருவர் மிஞ்சும்வரை கொல்லவிடும் ஆட்டத்துக்கு அரசு குலுக்கலில் ஆள் எடுக்கிறது. ஓராண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால், ஏழைப்பிள்ளை தன் பெயரைக் கூடுதலாக ஒருமுறை எழுதிப்போட வேண்டும். நாயகியான 16 வயது காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. பசிக்கும் சாவுக்கும் உள்ள உறவை இளம் வாசகருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. களத்துக்குள் போனதும் இந்த நேர்மை தளர்கிறது. களத்தில் காட்னிஸோடு கூட்டுச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி ரூவைக் கொல்பவன் வேறொருவன். அவனைத்தான் காட்னிஸ் அம்பெய்து வீழ்த்துகிறாள். யாருக்கும் தீங்கு செய்யாமல் ஒளிந்து பிழைத்துவந்த நரிமுகப் பெண், காட்னிஸின் கூட்டாளி பீட்டா தெரியாமல் பறித்துவைத்த நச்சுப்பழத்தைத் தின்று சாகிறாள். கடைசி எதிரி கேட்டோவைக் கொல்லும் அம்போ கருணையால் எய்யப்படுகிறது. ஒரு நிரபராதியை நேருக்கு நேர் நின்று கொல்ல வேண்டிய நிலை நாயகிக்கு வராதபடி ஆசிரியர் ஒவ்வொரு சாவையும் திருப்பிவிடுகிறார். கடைசியில் ரூவும் அவளும் மட்டும் மிஞ்சியிருந்தால் என்ற கேள்வி எழவே இல்லை. வயதுவந்தோருக்காக எழுதப்பட்ட கோஷுன் தகாமியின் 'பேட்டில் ராயல்' (1999) இந்தச் சலுகையைத் தருவதில்லை. அங்கே கொல்வதும் சாவதும் ஒரே வகுப்புப் பிள்ளைகள்.

உயிருக்குப் போராடும் சிறுமியிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் என் குறை அவள்மீது அல்ல, களத்தை அமைத்தவர்மீது. கொலையைக் கேளிக்கையாக்கும் அரசைக் கண்டிக்கும் கதை, நாம் குற்றவுணர்வின்றி அதே கேளிக்கையைப் பார்க்க வழி செய்துகொடுக்கிறது. பின்னால் வந்த பல நாவல்கள் இந்தக் களத்தை மட்டும் எடுத்துக்கொண்டன. 

காலின்ஸ் தாமே இந்தக் கடனை அடைத்தார் என்பதால்தான் அவரை ஒதுக்கிவிட முடியவில்லை. முத்தொகுதியின் மூன்றாம் பாகமான 'மாக்கிங்ஜே' (2010) நாவலில், யாரைக் காப்பாற்றக் காட்னிஸ் களம் புகுந்தாளோ அந்தத் தங்கை பிரிம் குண்டுவெடிப்பில் சாகிறாள். அரசுக்கு எதிரான கிளர்ச்சியில் வென்ற தரப்பின் தலைவி காயின், தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஓர் ஆட்டம் நடத்தலாமா என்று வாக்குக் கேட்கிறாள். காட்னிஸ் சம்மதிக்கிறாள். காயினை நம்பவைக்கப் போட்ட தந்திரம் அது என்று வாதிடுவோர் உண்டு. சற்று நேரத்தில் காயினையே அவள் கொல்வதால் அவ்வாதத்துக்கு வலு இருக்கிறது. ஆயினும் ஆசிரியர் அதை உறுதிப்படுத்தவில்லை. முதல் பாகம் மூடி மறைத்த கேள்வி இங்கே நேராக நம் முகத்துக்கு எதிரே வந்துவிடுகிறது. மூன்றாம் பாகம் சோர்வாக இருக்கிறது, நாயகி உடைந்துபோகிறாள் என்று குறைப்படும் வாசகர்கள் பலர். எனக்கு முத்தொகுதியின் மிக நேர்மையான பகுதி அதுதான். பிள்ளைகளுக்கு முதல் பாகத்தை வாங்கித் தருகிறவர்கள் மூன்றாவதையும் சேர்த்தே வாங்கித் தாருங்கள்.