விற்ற பின்னும் விடாத கை

கலை இலக்கியம் பேசும் ஓர் ஏட்டில் வீடியோ விளையாட்டுப் பொறியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர் சிலர் முகஞ்சுழிக்கக்கூடும். வசதி படைத்த நாடுகளின் இளைஞர் தம் பொழுதுபோக்குக் கருவிக்காக எழுப்பிய கூச்சலில் உழைக்கும் மக்களுக்கு என்ன அக்கறை என்றும் அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், ஒரு சமுதாயத்தின் உடைமை உறவுகளில் நிகழும் மாற்றம் நிலத்திலும் ஆலையிலும் மட்டுமே தலைகாட்டும் என்பதில்லை. அற்பமெனக் கருதப்படும் ஒரு பண்டத்திலும் அது தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும். 2013ஆம் ஆண்டின் கோடையில் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது அத்தகையதொரு வெளிப்பாடே.

நிகழ்ந்ததைச் சுருக்கமாகக் கூறுவோம். அவ்வாண்டு மே 21ஆம் நாள் மைக்ரோசொப்ட் கம்பனி ‘எக்ஸ்பொக்ஸ் வண்’ என்னும் புதிய விளையாட்டுப் பொறியை அறிமுகம் செய்தது. யூன் 6ஆம் நாள் அதனைப் பாவிப்பதற்கான விதிகளை வெளியிட்டது. பொறி 24 மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் இணையத்தின் வழியே கம்பனியோடு தொடர்புகொள்ள வேண்டும். வேறொருவருடைய பொறியிலே தன் விளையாட்டை ஆடுபவனுக்கோ ஒரு மணி நேரமே தவணை. தொடர்பு அறுந்தால் தொலைக்காட்சி பார்க்கலாம், இறுவட்டிலே திரைப்படம் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை மட்டும் ஆட முடியாது. பாவித்த விளையாட்டைக் கடையில் மீள விற்கலாமா என்பதை அதை வெளியிட்ட கம்பனியே தீர்மானிக்கும். வெளியீட்டாளர் இசைந்தால் நண்பனுக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்நண்பன் குறைந்தது 30 நாட்களாவது பொறியின் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். அதுவும் ஒரு விளையாட்டை ஒரே ஒரு முறைதான் கொடுக்கலாம். இரவல் கொடுப்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் தொடக்கத்தில் இடமே இல்லை.

இவ்விதிகளின் உட்பொருள் யாது? அதுவரை ஒருவன் விளையாட்டு இறுவட்டை வாங்கினால் அது அவனுடையது. ஆடி முடித்தபின் தோழனுக்குக் கொடுப்பான். அல்லது கடையிலே கொடுத்து, கிடைத்த காசோடு மேலும் சிறிது சேர்த்து இன்னொன்றை வாங்குவான். கைப்பணம் குறைந்த மாணவனும் தொழிலாளியும் இக்கலையோடு உறவு பூண்டது பெரும்பாலும் இவ்வழியாலேயே. புதிய விதிகள் இவ்வழியை அடைத்தன. இறுவட்டு கையில் இருக்கும். அதன் உரிமை கம்பனியிடம் இருக்கும். விற்பனை என்ற பெயரில் நிகழ்ந்தது குத்தகையே. நட்பு முதிர்வதற்குக்கூட 30 நாள் கெடு வைக்கும் அளவுக்கு வணிகம் மனித உறவுக்குள் கைநீட்டியது.

இஃது ஒன்றும் புதிய ஆசையன்று. 1904ஆம் ஆண்டில் அமெரிக்கப் புத்தக வெளியீட்டு நிறுவனம் ஒன்று தன் நாவலை ஒரு டொலருக்குக் குறைத்து விற்கலாகாது என நூலிலேயே அச்சிட்டது. நியூயோர்க்கின் மேசிஸ் அங்காடி அதை 89 சதத்துக்கு விற்றது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது. நூலை ஒரு முறை விற்றபின் அதன் மறுவிற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் வெளியீட்டாளனுக்கு இல்லையென 1908இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. எக்ஸ்பொக்ஸ் விதிகள் வெளிவருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2013 மார்ச் 19ஆம் நாள், அதே மன்றம் இன்னொரு தீர்ப்பையும் வழங்கியது. தாய்லாந்திலிருந்து சென்று அமெரிக்காவிலே பயின்ற மாணவர் ஒருவர், தம் நாட்டில் மலிவாகக் கிடைத்த பாடநூல்களை உறவினர் மூலம் வருவித்து அமெரிக்காவில் விற்றார். வெளியீட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. முறைப்படி வாங்கிய நூலை, அது எந்நாட்டில் அச்சானதாயினும், விற்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டென மன்றம் கூறியது.

அப்படியாயின் நூலுக்கு உள்ள நீதி விளையாட்டுக்கு ஏன் இல்லை? ‘நாம் மென்பொருளை விற்கவில்லை, அதைப் பாவிக்கும் அனுமதியையே தருகிறோம்’ என்பதே கம்பனிகளின் வாதம். 2010இல் அமெரிக்க மேன்முறையீட்டு மன்றமொன்று இவ்வாதத்தை ஏற்று, மென்பொருளை மறுவிற்பனை செய்த ஒருவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விலை கூறும்போது பண்டம். உரிமை கேட்கும்போது அனுமதி. ஒரு சொல்லை மாற்றியே நூறாண்டு கால உரிமையைப் பறிக்கும் சாமர்த்தியத்தை இங்கே காண்கிறோம்.

விதிகள் வெளிவந்ததும் எதிர்ப்பு மூண்டது. இணைய வசதி இல்லாதோர் என் செய்வது என்று கேட்டபோது, அவர்களுக்காகவே தம்மிடம் ‘எக்ஸ்பொக்ஸ் 360’ என்ற பழைய பொறி இருக்கிறது என்ற கருத்தில் பதிலிறுத்தார், அப்பகுதியின் தலைவராக இருந்த டொன் மட்றிக். நாட்டுக்காகக் கடலிலும் அயல்மண்ணிலும் பணிபுரிவோர் எங்கே இணைப்புத் தேடுவர் என்று படையினர் தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்தது. பொறி இயங்கத் தொடக்கத்தில் 21 நாடுகளே அனுமதிக்கப்பட்டிருந்தன. போலந்து அவற்றுள் இல்லை. ஆனால் அப்பொறிக்காக ‘த விச்சர் 3’ என்னும் விளையாட்டைப் படைத்துக்கொண்டிருந்தவர்கள் போலந்து நாட்டினரே. படைத்தோரின் நாட்டு மக்களே படைப்பை அப்பொறியில் அனுபவிக்க முடியாது என்ற விசித்திரத்தை என்னென்பது!

இவற்றுக்கு மேலாக, ‘கினெக்ட்’ என்னும் கமராவும் ஒலிவாங்கியும் கொண்ட கருவி எந்நேரமும் பொறியோடு இணைந்திருக்க வேண்டும் என்பதும் விதி. விதிகள் வெளியான அதே யூன் 6ஆம் நாளிலேதான், எட்வேர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களின் வழியே, அமெரிக்க உளவுத்துறையின் ‘பிறிசம்’ திட்டம் பத்திரிகைகளில் அம்பலமாயிற்று. அவ்வாவணங்களிலே மைக்ரோசொப்டின் பெயரும் இருந்தது. வீட்டின் நடுவே கண்ணும் காதும் கொண்டு அமரும் ஒரு கருவியை மக்கள் ஐயுற்றதில் வியப்பென்ன?

யூன் 10ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கண்காட்சியில் போட்டிக் கம்பனியான சொனி, தன் ‘பிளேஸ்டேஷன் 4’ பொறிக்கு இத்தகைய தடைகள் எவையும் இல்லையென அறிவித்தது. விலையும் 399 டொலர். எக்ஸ்பொக்ஸோ 499 டொலர். அரங்கு ஆரவாரித்தது. ஒன்பது நாட்களின் பின், யூன் 19ஆம் நாள், மைக்ரோசொப்ட் தன் விதிகளை மீளப் பெற்றது. யூலை 1ஆம் நாள் மட்றிக் அக்கம்பனியை விட்டு விலகுவதாக அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை மதிப்பிடுவதில் இரு தவறுகள் நேரக்கூடும். இதனை வெறும் நுகர்வோர் புலம்பல் என ஒதுக்குவது ஒன்று. வாங்கிய பொருளைத் தோழனோடு பகிரும் உரிமைக்காகப் பெருங்கம்பனியொன்றைப் பணியவைத்தது சிறு காரியமன்று. மற்றைய தவறு, இதனை மக்களின் முழு வெற்றியெனக் கொண்டாடுவது. சொனியை ஆரவாரித்தோர் பலர் அன்றைய இன்னொரு செய்தியைப் பொருட்படுத்தவில்லை: முந்தைய பொறியிலே இலவசமாக இருந்த, இணையத்தின் வழியே பலர் கூடி ஆடும் வசதிக்குப் புதிய பொறியில் சந்தா கட்ட வேண்டும் என்பதே அது. ஒரு வணிகனின் பேராசையிலிருந்து தப்பி இன்னொரு வணிகனின் பெருந்தன்மையில் அடைக்கலம் புகுந்தோர், அப்பெருந்தன்மைக்கும் விலைச்சீட்டு உண்டென்பதைக் காணவில்லை.

பாவித்த விளையாட்டு விற்பனையால் படைப்பாளிக்கு ஒரு சதமும் சேர்வதில்லை என்று கம்பனிகள் கூறுவதையும் நாம் ஆராய வேண்டும். படைப்பாளியின் உழைப்புக்கு உரிய ஊதியம் வேண்டும் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பழைய புத்தகக் கடையாலும் நூலகத்தாலும் எழுத்தாளனுக்கு நேரே காசு கிடைப்பதில்லை. அதற்காக அவற்றை மூடிவிடுக என்போமா? அங்கே உருவாகும் வாசகனன்றோ நாளை நூல் வாங்குபவன்! மேலும், வெளியீட்டாளன் ஈட்டும் மேலதிக இலாபம் விளையாட்டை ஆக்கிய தொழிலாளியைச் சென்றடையும் என்பதற்கு அவ்விதிகளில் ஓர் உத்தரவாதமும் இருக்கவில்லை. குடும்பத்தினர் பத்துப் பேர்வரை ஒரு விளையாட்டை இணையத்தின் வழியே பகிர அத்திட்டத்தில் இடமிருந்தது உண்மையே. விதிகளை மீளப் பெற்றபோது கம்பனி அச்சலுகையையும் சேர்த்துப் பறித்துக்கொண்டது. தந்தவன் எடுத்துவிடக்கூடியது சலுகை. அஃது ஒருபோதும் உரிமையாகாது.

பின்னர் வந்த ஆண்டுகள் இதனை மெய்ப்பித்தன. முன்வாசலில் மறுக்கப்பட்டது கொல்லைப்புறத்தால் உள்ளே வந்தது. 2019இல் இறுவட்டுப் போடும் இடமே இல்லாத எக்ஸ்பொக்ஸ் பொறி விற்பனைக்கு வந்தது. 2020 நவம்பரில் இரு கம்பனிகளும் அத்தகைய பொறிகளை விலை குறைத்து வெளியிட்டன. 2024இல் வந்த ‘பிளேஸ்டேஷன் 5 புரோ’ என்னும் விலையுயர்ந்த பொறியிலும் இறுவட்டுக்கு இடம் வைக்கப்படவில்லை. வேண்டுவோர் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். இறுவட்டு இல்லையேல் இரவல் இல்லை, மறுவிற்பனையும் இல்லை. இம்முறை விதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆதலால் எதிர்ப்பும் அவ்வளவாக எழவில்லை.

2014இல் யூபிசொப்ட் கம்பனி வெளியிட்ட ‘த குறூ’ என்னும் விளையாட்டு எந்நேரமும் இணைய இணைப்பை வேண்டி நின்றது. 2024 மார்ச் 31ஆம் நாள் கம்பனி தன் சேவையை நிறுத்தியது. இறுவட்டைக் கையில் வைத்திருந்தோரும் அதை ஆட முடியாதவராயினர். ஒரு பதிப்பாளன் விரும்பாதபோது எமது அலுமாரியில் உள்ள நூலின் எழுத்துகள் அழிந்துபோகுமாயின் இலக்கிய வரலாறு என்று ஒன்றை யார் எழுதுவது? விளையாட்டும் பலருடைய கற்பனையும் உழைப்பும் கூடிய படைப்பே. அதன் ஆயுளைக் கணக்குப் புத்தகம் மட்டுமே தீர்மானிப்பதற்கு ஒரு பண்பாடு இடங்கொடுக்கலாகாது.

இதனை உணர்ந்தோர் இன்று கடை மாறுவதோடு நின்றுவிடவில்லை. சேவை நின்றபின்னும் விளையாட்டு இயங்கக்கூடியதாக விடப்பட வேண்டும் எனக் கோரி ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடங்கிய மனுவில், 2025 யூலை 31ஆம் நாள் முடிவதற்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். விற்பது வெறும் அனுமதியே என்பதை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் எனக் கலிபோர்னியாச் சட்டமொன்று 2025 சனவரி 1ஆம் நாள் முதல் விதிக்கிறது. பறிப்பதைத் தடுக்காது, பறிப்பதைச் சொல்லிவிட்டுப் பறி என்று கூறும் சட்டம் அது. எனினும் உண்மை வெளிப்பட்டது ஒரு படியே.

2013இல் மக்கள் வாங்குவோராக நின்று வென்றனர்; ஆதலால் அவ்வெற்றி அடுத்த பண்டம் சந்தைக்கு வரும்வரையே நிலைத்தது. வாங்கியது வாங்கியவனுக்கே என்னும் எளிய நீதி, கம்பனியின் அறிக்கையில் அன்றிச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். மாணவர் கைகளில் ஒரே நூல் கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோவதைக் கண்டு மகிழும் ஆசிரியர் எவருக்கும் அந்நீதியின் பெறுமதியை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.