சென்சாருக்கு நன்றி சொல்லாதீர்கள்

ஈரானியப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருத்தர் கட்டாயம் இதைச் சொல்வார்: "அங்கே கெடுபிடி ஜாஸ்தி சார், அதனாலதான் படம் இவ்வளவு நல்லா வருது." கேட்க ஜோராக இருக்கும். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். ஜாஃபர் பனாஹியின் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் அப்படித் தலையாட்ட மனசு வராது.

1995-ல் வந்த 'தி ஒயிட் பலூன்' அவருடைய முதல் முழுநீளப் படம். திரைக்கதை அப்பாஸ் கியரோஸ்தமி. புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கக் கிளம்பிய சிறுமி, கையிலிருந்த நோட்டைத் தொலைத்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. கடைசியில் நோட்டு கிடைக்கிறது, எல்லோரும் கிளம்பிப் போகிறார்கள். எடுத்துக் கொடுக்க உதவிய ஆப்கன் பையன், பலூன் விற்கிறவன், மட்டும் தெருவில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா அவனோடு தங்கிவிடுகிறது. பனாஹியின் கண் எங்கே போகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

2000-ல் 'தி சர்க்கிள்'. வெனிஸில் தங்கச் சிங்கம், சொந்த ஊரில் தடை. 2006-ல் 'ஆஃப்சைட்'. அப்போது ஈரானில் பெண்கள் ஸ்டேடியத்துக்குள் போய் ஆண்களின் கால்பந்து பார்க்கக் கூடாது என்றிருந்தது. ஆண் வேஷம் போட்டு வந்து மாட்டிக்கொண்ட பெண்களை ஒரு தடுப்புக்குள் நிறுத்திவைக்கிறார்கள். உள்ளே கூட்டம் அலறுகிறது. அந்தப் பெண்களுக்கு மேட்ச் தெரியாது, நமக்கும் தெரியாது. காவலுக்கு நிற்கிற சிப்பாய்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே பார்ப்பீர்கள். சிரிப்போடு கோபமும் வரும்.

இந்தப் படங்களெல்லாம் தெருவில் நடப்பவை. ஹாரன், கூட்டம், முன்பின் தெரியாத மனுஷர்கள்.

2010 மார்ச்சில் கைது. டிசம்பரில் தீர்ப்பு: 6 வருஷம் சிறை. 20 வருஷத்துக்குப் படம் எடுக்கக் கூடாது, திரைக்கதை எழுதக் கூடாது, பேட்டி கொடுக்கக் கூடாது, வெளிநாடு போகக் கூடாது.

அதற்குப் பிறகு வந்த படங்களின் இடத்தை மட்டும் பாருங்கள். 2011-ல் 'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்', தன் வீட்டுக்குள். 2013-ல் 'க்ளோஸ்ட் கர்ட்டன்', திரை இழுத்து மூடிய ஒரு பங்களா. 2015-ல் 'டாக்ஸி', ஒரு காருக்குள். ஸ்டேடியத்திலிருந்து காருக்கு வந்து சேர்ந்தாயிற்று!

'டாக்ஸி' அருமையான படம், சந்தேகமே இல்லை. பெர்லினில் தங்கக் கரடி வாங்கியது. "திரையிடத் தகுந்த" படத்துக்கு டீச்சர் சொன்ன விதிகளை உறவுக்காரச் சிறுமி ஹனா ஒப்பிக்கிற காட்சி ஒன்றே போதும். ஆனால் 'க்ளோஸ்ட் கர்ட்டன்' பாதியிலேயே மூச்சு முட்டுகிறது. அடைபட்டவரின் புழுக்கம் படத்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. தைரியசாலி எடுத்தார் என்பதற்காக அதை மாஸ்டர்பீஸ் என்று சொல்ல முடியாது. அது அவருக்கும் மரியாதை இல்லை.

முக்கியமான இழப்பு வேறு. ஆப்கன் பையனைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா, வேறு வழியில்லாமல் பனாஹியையே பார்க்க ஆரம்பித்தது. படத்துக்குப் படம் அவரே பாத்திரம். சென்சார் பறித்தது காட்சிகளை மட்டுமில்லை, அடுத்தவர்களை.

2022 ஜூலையில் மறுபடி கைது. ஏறக்குறைய ஏழு மாசம் கழித்து, உண்ணாவிரதம் இருந்து வெளியே வந்தார். பிறகு அனுமதி வாங்காமல் எடுத்த 'இட் வாஸ் ஜஸ்ட் அன் ஆக்ஸிடென்ட்' 2025-ல் கானில் தங்கப் பனை வென்றது. தன்னைச் சித்திரவதை செய்தவன் இவன்தானா என்று, செயற்கைக் காலின் சத்தத்தை வைத்துத் தேடுகிறான் ஒரு மெக்கானிக். சிறையில் கண்ணைக் கட்டி வைத்திருந்ததால் மற்றவர்களுக்கும் முகம் தெரியாது. பனாஹி இதில் நடிக்கவில்லை. மறுபடியும் தெரு, மறுபடியும் மற்றவர்கள். அந்த விடுதலையைப் படத்தில் உணரலாம். அந்த டிசம்பரிலேயே, அவர் இல்லாமலே விசாரித்து ஒரு வருஷ சிறை என்று தீர்ப்பளித்தார்கள்.

'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்' படத்தில் ஒரு காட்சி. அனுமதி கிடைக்காத திரைக்கதையை நமக்குச் சொல்லிக் காட்டுகிறார். கல்லூரியில் இடம் கிடைத்தும் வீட்டில் பூட்டிவைக்கப்பட்ட பெண்ணின் கதை. கம்பளத்தில் டேப் ஒட்டி, இது அறை, இது ஜன்னல் என்கிறார். நடுவில் சட்டென்று நிறுத்திவிடுகிறார். வாயால் சொல்லிவிட முடியுமென்றால் படம் எதற்கு என்று கேட்கிறார். தொண்டை அடைக்கிறது.

கெடுபிடியால்தான் நல்ல படம் என்று அடுத்த முறை யாராவது சொன்னால், கம்பளத்தில் டேப்பாக நின்றுபோன அந்தப் படத்தைப் பற்றிக் கேளுங்கள்.