பிள்ளை சொன்ன ஊர்ப்பெயர்: ஒரு தன்வரலாற்று நூலின் மொழிச் சான்றுகள்

கொல்கத்தாவின் தென்பகுதியில் இக்கட்டுரையாளர் வாழும் குடியிருப்புக்கு லேக் கார்டன்ஸ் என்று பெயர். பஜ்பஜ் செல்லும் புறநகர்த் தொடர்வண்டிகள் நிற்கும் நிலையத்திற்கும் அதுவே பெயர். எழுத்தில் அது தெளிவான ஆங்கிலப் பெயர். தெருவில் விளையாடும் வங்காளச் சிறுவரின் வாயிலோ 'லேக்காடென்' என்பது போன்றதொரு வடிவமே கேட்கிறது. இச்சிறுவருள் ஒருவன் வழிதவறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கித் தன் ஊர் 'லேக்காடென்' என்று சொல்வானாயின், அதனைக் கேட்கும் தமிழ்க் காவலர் என்னவென்று எழுதிக்கொள்வார்? இவ்வினா முழுவதும் கற்பனையன்று. 1986-இல் இந்நகரிலேயே, வேறொரு பிள்ளையின் வாய்மொழியை முன்னிட்டு, உண்மையாகவே இது எழுந்தது.

மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா நகரைச் சேர்ந்த ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், அண்ணனுடன் புர்ஹான்பூர் நிலையத்திற்குச் சென்ற இரவில் தனித்து விடப்பட்டு, நின்றிருந்த வண்டியொன்றில் ஏறி உறங்கிப்போனான். வண்டி அவனை ஏறத்தாழ 1500 கிலோமீட்டருக்கு அப்பால் ஹவுராவில் கொண்டு சேர்த்தது. சில வாரங்கள் தெருவிலும் பின்னர்ச் சிறார் இல்லத்திலும் இருந்த அவனை ஒரு தத்தெடுப்பு அமைப்பு ஏற்றுக்கொண்டது. 1987-இல் அவன் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குச் சென்று சரூ பிரையர்லி ஆனான். செயற்கைக்கோள் படங்களில் இருப்புப்பாதைகளைப் பின்தொடர்ந்து 2011-இல் தன் ஊரைக் கண்டறிந்து, 2012-இல் பெற்ற தாயை நேரில் கண்டான். லேரி பட்ரோஸ் என்னும் எழுத்தாளரின் துணையுடன் அவர் எழுதிய 'எ லாங் வே ஹோம்' 2013-இல் வெளிவந்தது. கார்த் டேவிஸ் இயக்கிய 'லயன்' (2016) திரைப்படம் அதனை உலகறியச் செய்தது.

இந்நூலைப் பற்றி எழுதியோர் பலரும் செயற்கைக்கோள் படத்தின் வெற்றியாகவே இதனைப் போற்றினர். படம் ஊரைக் காட்டியது உண்மையே. ஆனால் காட்டப்பட்டது தன் ஊர்தான் என்பதை உறுதி செய்தது ஒரு சொல். கண்ட்வா நகரத்தார் குழுமியிருந்த முகநூல் பக்கத்தில் அவர் ஒரு குடியிருப்பின் பெயரைக் கேட்க, 'கணேஷ் தலாய்' என்று விடை வந்தது. அவர் இருபத்தைந்து ஆண்டுகளாக நினைவில் வைத்திருந்த வடிவம், நூலில் ஆங்கில எழுத்தில் உள்ளவாறு, 'கினெஸ்ட்லே'. வண்டியேறிய ஊரை அவர் 'பெராம்பூர்' என்று நினைவு கூர்ந்தார். தம் பெயரை 'சரூ' என்றார். நூல் இம்மூன்றையும் குழந்தைமையின் பிழைகளாகவே நடத்துகிறது. இக்கட்டுரையாளர் இதனுடன் உடன்படவில்லை. இவை பிழைகளல்ல, செவியால் எழுதப்பட்ட நம்பகமான பதிவுகள். பிழை நேர்ந்தது கேட்ட பெரியோரிடத்திலேயே.

'கணேஷ்' என்பதன் முதல் உயிர் இந்தியில் குறுகி ஒலிக்கும் நடு உயிர். அடுத்து வரும் ஏகாரத்தின் சாயலால் அது முன்னுயிராகத் திரிவது இயல்பே. தமிழ்ப் பேச்சில் 'கணேசன்' என்பது 'கெணேசன்' ஆவதை அறிந்தவர்க்கு இது புதிதன்று. 'தலாய்' என்பதன் முதல் உயிர், பெயர் முழுவதும் ஒரே மூச்சில் சொல்லப்படும்போது நலிந்து மறைய, 'ஷ்ட்ல' என்னும் மெய்ம்மயக்கம் கிடைக்கிறது. எஞ்சுவது ஈறு. 'லாய்' எங்ஙனம் 'லே' ஆயிற்று? ஆகவே இல்லை என்பதே விடை. ஆங்கிலத்தில் 'லே' என்று நாம் படிக்கும் எழுத்துக்கோவையை ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 'லை' என்றே ஒலிப்பர். ஹோபார்ட் நகரில் வளர்ப்புத் தாய் அவன் சொன்னவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்ததாக நூல் கூறுகிறது. ஆகவே இந்த எழுத்துக்கூட்டலை ஆஸ்திரேலியச் செவியோடு படிக்க வேண்டுமேயன்றி இலண்டன் செவியோடும் சென்னைச் செவியோடும் படித்தலாகாது. அவ்வாறு படிப்பின் பிள்ளை ஏறத்தாழச் சரியாகவே சொல்லியிருக்கிறான்.

'பெராம்பூர்' இதனினும் தெளிவானது. புர்ஹான்பூரின் ஹகரம் ரகரத்தின் பின் நலிந்து மறைகிறது. னகரம் அடுத்துள்ள பகரத்தின் முன் மகரமாகிறது. 'என் பிள்ளை' நம் வாயில் 'எம்பிள்ளை' ஆவது போன்ற ஓரினமாதல் இது. முதலசையின் உகரம் எகரமானது மட்டுமே வேறுபாடாகத் தோன்றும். ஆங்கில எழுத்தில் 'பர்' என்பதும் 'பெர்' என்பதும் ஒரே ஒலியினவாதலால் அதுவும் எழுத்தளவிலான வேறுபாடே. ஆயினும் நிலப்படத்தின் பெயர்ப்பட்டியலில் இவ்வடிவத்தைத் தேடுபவர்க்கு ஒடிசாவின் பிரம்மபூரும் வங்காளத்தின் பஹரம்பூரும் முதலில் அகப்படும். எழுத்து ஒற்றுமையை நம்பினால் கிழக்குக் கடற்கரைக்கு அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்க நேரும். ஒலித்திரிபை நம்பினால் தபதி ஆற்றங்கரைக்குச் சென்றிருக்கலாம்.

தமிழில் மொழிபெயர்ப்போர்க்கு இங்கே ஓர் இடர் உண்டு. வல்லினத்தில் ஒலிப்புடையது, ஒலிப்பிலாதது என்னும் வேறுபாட்டைக் காட்டாத நம் எழுத்தில் 'பெராம்பூர்' என அச்சிட்டால், தமிழ் வாசகர் கண்முன் தோன்றுவது இரயில்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயர்பெற்ற சென்னைப் பெரம்பூர்! இருப்புப்பாதைகளைப் பற்றிய கதையில் இத்தற்செயல் ஒப்புமை நகைப்புக்குரியது மட்டுமன்று, வாசகரை முற்றிலும் வழிதவறச் செய்வதுமாகும். 'தலாய்' என்பதனைத் 'தலை' என்று எழுதினாலோ பிள்ளையாரின் தலை நினைவுக்கு வரும். சிறு குளம் என்னும் பொருளுடைய சொல் அது. (லேக் கார்டன்ஸும் 1920-களில் வெட்டப்பட்ட ஏரியினால் பெயர்பெற்றதுதான். நீர்நிலையை வைத்து ஊரைச் சொல்வது எங்கும் உள்ளது.) முதல் இயல்களில் பிள்ளையின் வடிவத்தையே மாற்றமின்றித் தந்து, ஒலிப்பைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு சேர்ப்பது நன்று. முதலிலேயே 'கணேஷ் தலாய்' எனத் திருத்தி எழுதும் மொழிபெயர்ப்பாளர், கதாநாயகன் பல ஆண்டுகள் தேடியதை முதற்பக்கத்திலேயே கொடுத்துவிடுகிறார்.

'சரூ' என்பது சற்றுக் கடினமானது. பெற்றோர் இட்ட பெயர் ஷேரு. 'ஷேர்' சிங்கத்தைக் குறிக்கும் சொல். திரைப்படத்தின் தலைப்பும் இதனின்று வந்ததே. ஷகரம் சகரமானதற்கு வங்காள எழுத்தரைக் குறை கூறுதல் எளிது. ஆனால் கொல்கத்தா வங்காளத்தில் உரசொலி பெரும்பாலும் ஷகரமாகவே ஒலிக்கும். வங்காளச் செவி 'ஷ'வை 'ச'வாகக் கேட்டிருக்க வாய்ப்புக் குறைவு. இவ்விரண்டு ஒலிகளின் வேறுபாடு குழந்தை நாவில் பிந்தியே நிலைபெறும் என்பதை நோக்க, திரிபு சிறுவனிடமே தோன்றியது எனல் பொருந்தும். தன் பெயரைத் தானே திரித்துச் சொன்னது ஒன்றே இந்நூலில் உண்மையான குழந்தைப் பிழை. அப்பிழைதான் கடவுச்சீட்டில் ஏறி நிலைத்தது.

நூலின் குறை ஒன்றையும் கூற வேண்டும். தாயைச் சந்தித்தபோது அவர்க்கு இந்தி மறந்துபோயிருந்தது. தாய்க்கோ ஆங்கிலம் தெரியாது. இடையே மொழிபெயர்த்தவர் வழியாகவே உரையாடல் நிகழ்ந்தது. ஆனால் நூலில் தாயின் கூற்றுகள் செம்மையான ஆங்கிலத்தில், இடைவெளியும் தடுமாற்றமும் இன்றி வருகின்றன. எது தாயின் சொல், எது மொழிபெயர்த்தவரின் சொல், எது பட்ரோஸின் நடை என்று பிரித்தறிய வழியில்லை. ஐந்து வயதின் சில அசைகளை அத்துணை உண்மையோடு காத்த நூல், தாயின் பேச்சில் அக்கவனத்தைக் கைவிட்டது வருந்தத்தக்கது.

கலைச்சொல் பற்றியும் ஒன்று. 'தத்தம்' என்பதற்குக் கொடுக்கப்பட்டது என்று பொருள், 'சுவீகாரம்' தனதாக்கிக்கொள்ளுதல். ஒரே நிகழ்வை முதற்சொல் கொடுப்பவர் பக்கத்தினின்றும் இரண்டாவது கொள்பவர் பக்கத்தினின்றும் நோக்குகின்றன. இப்பிள்ளையை யாரும் கொடுக்கவில்லை. தாய் தேடிக்கொண்டிருந்தாள், ஏட்டில் அவன் கைவிடப்பட்ட பிள்ளை. 'தத்து' என்னும் சொல்லே நடவாத ஒரு கொடையை நடந்ததாகக் கூறிவிடுகிறது. ஆங்கிலப் பேச்சுவழக்கில் வரும் 'உண்மைத் தாய்' என்னும் வழக்கையும் தமிழில் தவிர்த்தல் வேண்டும். சங்க அகப்பாடல்களின் கூற்று மரபில் நற்றாய், செவிலி என்னும் இருவரும் தாயரே. எவரும் பொய்த்தாய் அல்லர். எனினும் செவிலி இன்று மருத்துவமனைப் பணியாளரைக் குறிப்பதால், 'பெற்ற தாய்', 'வளர்த்த தாய்' என்பனவே போதுமானவை.

சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இவ்வாறெனின், சொல்லறியாச் சிசுவின் நிலை இன்னும் கடிது. 1970, 1980-களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் பல்லாயிரவர். பெற்ற தாயாக நடிப்பதற்குக் கூலி பெற்ற பெண்கள் இருந்தமை 2017-இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி விசாரணையொன்றினால் பரவலாக வெளிப்பட்டது. அந்நாடு 2021-இல் அயல்நாட்டுத் தத்தெடுப்புகளையே நிறுத்தி வைத்தது. இவ்வாறு சென்றோர் வளர்ந்து திரும்பி வரும்போது அவர்களிடம் இருப்பது ஏடு மட்டுமே. ஏட்டில் உள்ள தாயின் பெயரே பொய்யாக இருக்கக்கூடும். மரபணுச் சோதனை அங்கே துணை செய்யும். ஒலியியல் துணை செய்யாது.

இந்தியாவின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் (2017, 2022) தத்தெடுக்கப்பட்டோர் தம் வேர்களைத் தேட வழி வகுக்கின்றன. அத்தேடலில் மூன்றாம் தரப்பினர் ஈடுபடுவதை அவை அனுமதிப்பதில்லை. ஆகவே தேடுவோர்க்கு ஏடே முதற்கருவி. அவ்வேட்டில் பிள்ளை சொன்னது எவ்வாறு எழுதப்படுகிறது என்பது மொழியியலார் கவனம் செலுத்த வேண்டிய இடம். காவலரோ இல்லத்துப் பணியாளரோ கேட்டவுடன் தமக்குத் தெரிந்த ஓர் ஊர்ப்பெயராக மாற்றி எழுதிவிடுகின்றனர். அது உதவி செய்யும் நோக்கமே. ஆனால் மாற்றிய பின் மூலம் மீளாது. பிள்ளையின் குரலை ஒலிப்பதிவு செய்து, சொன்னவாறே பிள்ளையின் மொழிக்குரிய எழுத்திலும் எழுதி, ஊகத்தை வேறு நிரலில் குறிப்பதற்கு ஒரு கைபேசியும் ஒரு தாளும் போதும். கள ஆய்வில் முதலாண்டு மாணவர்க்கு நாம் கற்பிப்பது இதுவேயன்றோ?

2012-இல் கணேஷ் தலாயில் தன் பழைய வீட்டின் முன் நின்றபோது அவர் செய்தது ஒன்றுதான். இந்தியில் ஒரு தொடரும் அமையவில்லை. தாயின் பெயரையும் உடன்பிறந்தோர் பெயர்களையும் தன் பெயரையும், ஐந்து வயதில் சொன்னவாறே, ஒவ்வொன்றாகச் சொன்னார். கூடியிருந்தோருள் ஒருவர் அவரை அழைத்துக்கொண்டு நடந்தார். மகன் என்றேனும் வருவான் என்று அக்குடியிருப்பை விட்டு நீங்காதிருந்த தாய், அங்கிருந்து சில அடி தொலைவில் நின்றிருந்தார்.